சிவப்புக் கோட்டுக்குக் கீழே

பிப்ரவரி 9

டீச்சரம்மாவுக்கு,

இதை நாத்தனாருக்கு எழுதவில்லை. நாத்தனார் என்றால் போனிலேயே நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், பிறகு உன் அண்ணனிடம் ஆளுக்கொரு கதை சொல்வோம். எழுத்தில் இருக்கட்டும்.

அன்றைக்குக் குழந்தைகள் மையத்தில் நீ எடுக்கிற செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு நான் பெருமையாகத்தான் வந்தேன். நீ போட்டிருந்த வெள்ளைக் கோட்டு நான் தைத்தது. தோள் இறங்காமல் இருக்க இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். முப்பது அம்மாக்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம். பருப்பு, முட்டை, கீரை என்று படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று என் மடியிலிருந்து மகள் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு போய், சுவரில் ஒட்டியிருந்த உயர டேப்போடு சேர்த்து நிற்கவைத்தாய்.

"எல்லாரும் பாருங்க. இது எங்க வீட்டுப் பிள்ளை, என் அண்ணன் மக. மூணு வயசு தாண்டியாச்சு. வளர்ச்சி அட்டையில சிவப்புக் கோட்டுக்குக் கீழ இருக்கா. அம்மா நாள் பூரா தையல் மெஷின்ல உக்காந்துக்கிட்டு, பிள்ளை அழுதா டீயில பிஸ்கட்ட நனைச்சுக் குடுத்தா இப்படித்தான் ஆகும். எங்க வீட்டுலயே இந்த அலட்சியம் இருக்குன்னா வெளிய சொல்லணுமா?"

நீ சொன்னது இதுதான். ஒரு எழுத்தும் கூட்டவில்லை. பட்டாணி எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சலவைக்காரி என் முழங்கையைத் தொட்டு, "விடுங்கக்கா" என்றாள். அந்தத் தொடுதல்தான் எனக்கு அவமானமாக இருந்தது.

நாலு நாள் கழித்துப் பஸ் ஓட்டிவிட்டு வந்த உன் அண்ணன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வளர்ச்சி அட்டையைக் கேட்டார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பேச்சு முற்றி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலை மறித்துக்கொண்டு, கையில் அட்டையோடு நின்றார். "கோட்டுக்கு மேல வரட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் என் தங்கச்சி பாத்துக்குவா. ஒனக்குத்தான் மெஷின் இருக்கே."

நீ சமையலறை வாசலில் நின்றாய். வகுப்பில் அவ்வளவு பேசின வாய் அப்போது திறக்கவில்லை.

இப்போது நான் முன்பு வேலை பார்த்த தையல் கடையின் பின்னறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளி. பிள்ளையை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமாம். உன் அண்ணன் தயவு.

அன்றைக்கு அளந்த உயரம் என்ன, எழுது. பெற்றவளுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் பாத்தியதை இருக்கிறது. இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன். முப்பது பேருக்கு முன்னால் என்னைக் குனியவைத்தாய். அதே முப்பது பேருக்கு முன்னால் உன்னைக் குனியவைக்காமல் விடமாட்டேன்.

உன் அண்ணன் மனைவி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டது முதலில். உயரம் எண்பத்தாறரை சென்டிமீட்டர். அந்த வயதுக்குச் சிவப்புக் கோடு எண்பத்தெட்டரைக்குச் சற்று மேலே. எடை பதினொன்றரை கிலோ. அது கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது.

யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லாமல் பேசியிருக்கலாம். சொன்னது தப்புதான். ஆனால் அட்டையில் இருப்பது என் வாயிலிருந்து வந்ததல்ல. ஜனவரியில் மையம் புதுக் கட்டிடத்துக்கு வந்ததிலிருந்து சிவப்புக் கோட்டுக்குக் கீழே பத்தொன்பது பிள்ளைகள். பழைய கட்டிடத்தில் ஆறு பேர்தான் என்று பதிவேடு சொல்கிறது. முன்பு இருந்தவர் செருப்போடு நிற்கவைத்து, அரைகுறையாக அளந்திருக்கிறார். நான் ஒழுங்காக அளந்ததும் உண்மை வெளியே வருகிறது. யாருக்குமே அது பிடிக்கவில்லை. உங்களுக்கும்தான்.

அண்ணி, நான் எத்தனை முறை சொன்னேன்? டீ வேண்டாம், அது சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று. "வாயடைக்க ஏதாச்சும் வேணாமா" என்றீர்கள். போன வாரம் பட்டாணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் எட்டரை. பதினொன்றாவது இருக்க வேண்டும். நீங்கள் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நிமிரவே மாட்டீர்கள். மெஷின் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

என்னைக் குனியவைப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தப்பாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளை கோட்டுக்கு மேலே வரட்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன். இப்போதைக்குக் காலையில் முட்டை, மதியம் பருப்பும் கீரையும், நாலு மணிக்குப் பழம். நன்றாகத் தூங்குகிறாள். முதல் வாரம் உங்களைக் கேட்டு அழுதாள். இப்போது குறைந்திருக்கிறது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 3

அன்பு நாத்தனாருக்கு,

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. ஒரு மாதம் தனியாக இருந்ததில் யோசிக்க நேரம் கிடைத்தது. நீ சொல்வதில் தப்பில்லை என்று தோன்றுகிறது. ரத்தம் எட்டரை என்று எழுதியிருந்தாயே, அன்று என்னால் ஒரு தையலும் நேராகப் போடமுடியவில்லை.

நேற்று என் தகரப் பெட்டியைக் குடைந்தபோது பழைய காகிதங்கள் நிறையக் கிடைத்தன. பட்டாணியின் பழைய கட்டிடத்து அட்டையும் இருந்தது. அது இனி உனக்கு எதற்கு, நானே வைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது. வகுப்பில் சொல்லித்தருவதை எல்லாம் எழுதி அனுப்பு. எப்படி அளக்கிறீர்கள் என்பதையும் எழுது. அந்தச் சுவர் டேப் இன்னும் அதே இடத்தில்தானே இருக்கிறது? யார் ஒட்டியது? எல்லாப் பிள்ளைகளையும் அதில்தான் அளக்கிறாயா? துணி அளக்கிறவளுக்கு இதெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா.

சலவைக்காரி எப்படி இருக்கிறாள்? அவள் மூத்த பெண்ணும் கோட்டுக்குக் கீழேதானே?

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்கினேன். அண்ணனிடமும் படித்துக் காட்டினேன். வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்த விதத்தில் சந்தோஷம் தெரிந்தது.

பாடக் குறிப்புகளை இணைத்திருக்கிறேன். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கட்டியான சாப்பாடு தொடங்க வேண்டும் என்பதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துகிறேன். நம் ஆட்கள் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்துவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்கிறார்கள். வயிறு நிறையும், உடம்பு வளராது. கரண்டியைச் சாய்த்தால் ஓடக் கூடாது, தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சிறு கரண்டி எண்ணெய். பிள்ளைக்கென்று தனித் தட்டு, அப்போதுதான் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும். திணிக்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்ட வேண்டும். பேச்சும் சாப்பாடுதான் என்று சொல்வேன். சிலர் சிரிப்பார்கள்.

அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு வயதுக்குள் இருந்தால் பலகையில் படுக்கவைத்து அளப்போம். அதற்கு மேல் எல்லோருக்கும் சுவர் டேப்தான். வெள்ளையடித்தவர் ஒட்டினார். தரை கழுவும்போது நனைந்து கிழியாமல் இருக்க, இரண்டு விரல் மேலே தள்ளி ஒட்டச் சொன்னேன். இரண்டு மாதமாகியும் புதிது போலவே இருக்கிறது.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. பட்டாணி நன்றாகச் சாப்பிடுகிறாள். இமை சிவந்திருக்கிறது. படியில் ஓடி ஏறுகிறாள். ஆனால் அளந்தால் எண்பத்தேழைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறாள், அவ்வளவுதான். கோடு அதற்குள் இன்னும் மேலே போய்விட்டது. வயது கூடக்கூட அதுவும் ஏறும் அல்லவா. என் கையால் ஊட்டியும் ஏன் இப்படி என்று இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களைச் சொன்னபோது எனக்கு இது தோன்றவில்லை.

சலவைக்காரியின் மூத்தவளும் கோட்டுக்குக் கீழேதான். அவள் மாமியாரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 12

நாத்தனாருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்துவைத்திருந்த சாப்பாடு நன்றாக இருந்தது. பட்டாணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. அவளுக்குச் சட்டை தைக்க அளவெடுத்து வந்திருக்கிறேன், அடுத்த தடவை கொண்டுவருவேன்.

பிள்ளை ஏன் வளரவில்லை என்று நீ மனதைப் போட்டு குழப்பிக்கொள்ளாதே. வளரும்.

மையத்துக்கு மேலதிகாரி வரப்போகிறார் என்று சொன்னாயே, எந்தத் தேதி? எல்லா அம்மாக்களும் வருவார்களா? நானும் வரட்டுமா? திருந்தின அம்மா என்று ஒருத்தி நாலு வார்த்தை பேசினால் உனக்கு நல்ல பெயர் கிடைக்குமே.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணி,

நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய பரிசு. மே ஆறாம் தேதி, காலை பத்து மணி. அவசியம் வாருங்கள். உங்களைத்தான் முதலில் பேச அழைப்பேன். நான்தான் உங்களைத் தலைகுனிய வைத்தேன், நானே உங்களைத் தலைநிமிர்த்தவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சலவைக்காரியை வேலையை விடச் சொல்லிவிட்டார்களாம், அவள் வீட்டில். அம்மா வேலைக்குப் போவதால்தான் பிள்ளை குட்டையாக இருக்கிறது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். அழுதுகொண்டு வந்தாள். கொஞ்ச நாள் பிள்ளையோடு இருங்கள், நல்லதுதான் என்று சொல்லி அனுப்பினேன். சரிதானே?

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சட்டைக்கு அளவெடுக்க உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் எதற்கு? கதவு நிலையில் பென்சில் கோடு கூடப் போட்டிருக்கிறீர்கள். பட்டாணி எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் நாத்தனார்


மே 9

டீச்சரம்மாவுக்கு,

உனக்கு ஞாபகம் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீ என்னைக் கூப்பிட்டாய். "எங்க அண்ணி. ஆரம்பத்துல சிரமப்பட்டாங்க. இப்ப நெறைய கத்துக்கிட்டாங்க" என்றாய். மேலதிகாரி அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "நான் தையல்காரிம்மா. எனக்குப் பேசத் தெரியாது, அளக்கத்தான் தெரியும். அளந்து காட்டட்டுமா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். பாவம், கை கூடத் தட்டினாய்.

பட்டாணியைக் கூப்பிட்டேன். முதலில் உன் சுவரில் நிற்கவைத்தேன். "எவ்ளோம்மா, படிங்க" என்றேன். மேலதிகாரி அம்மாவே வந்து படித்தார். எண்பத்தெட்டரை. பிறகு என் இஞ்ச் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து பிடித்தேன். தொண்ணூற்றொன்றரை.

"எப்படி?" என்றார்.

"அந்த டேப் தரையில ஆரம்பிக்கலம்மா. மூணு சென்டிமீட்டர் மேல ஆரம்பிக்குது. டீச்சரம்மாதான் மேல தள்ளி ஒட்டச் சொன்னாங்க. எனக்குக் கடுதாசியில எழுதியிருக்காங்க."

பழைய அட்டையையும் கொடுத்தேன். போன செப்டம்பரில் எண்பத்தேழரை. ஜனவரியில் எண்பத்தாறரை. "பிள்ளைங்க துவைச்ச துணியாம்மா, சுருங்கிப்போக?" என்று கேட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சலவைக்காரி எழுந்து, "அப்ப என் பொண்ணு?" என்றாள். அவள் குரல் அப்படி மேலே போய் நான் கேட்டதில்லை. ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் கோட்டுக்கு மேலே.

நீ எங்கே நின்றாய் தெரியுமா? அந்த டேப்புக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக. நான் தைத்த கோட்டின் கை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாய். "வேணும்னே செஞ்சாங்களா?" என்று அதிகாரி அம்மா என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், முப்பது பேரும் நம்பியிருப்பார்கள். நான் உண்மையைச் சொன்னேன். "இல்லம்மா. அலட்சியம்."

உன் தலை அப்போதுதான் குனிந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

உன் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். நான் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். இந்தத் தடவை மறிக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

பட்டாணியின் அம்மா


மே 24

அண்ணி,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவது எனக்காக அல்ல.

என்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும் வரை மருந்துக் கிடங்கில் பெட்டிகளை எண்ணி அடுக்குகிறேன். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். டேப்பை மேலே ஒட்டச் சொன்னவள் நான். பதினான்கு அம்மாக்களைக் காரணமில்லாமல் அழவைத்தவள் நான். ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். நாலு வீட்டில் உட்காரச் சொன்னார்கள்.

ஆனால் எனக்கும் எண்ணத் தெரியும். நீங்கள் பழைய அட்டையைப் பார்த்தது மார்ச் இரண்டாம் தேதி. மூன்றாம் தேதி எனக்கு எழுதுகிறீர்கள், டேப் அதே இடத்தில்தானே இருக்கிறது என்று. அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். மே ஆறு வரை அறுபத்து நான்கு நாள். ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அன்று சாயங்காலமே டேப்பைப் பிய்த்திருப்பேன். சலவைக்காரியை வேலையை விடச் சொன்னது ஏப்ரலில். அந்த இடத்துக்கு இப்போது வேறு ஆள் வந்துவிட்டது. அவள் என்னால் மட்டும் வீட்டில் உட்காரவில்லை.

உங்கள் மகளை விட்டு நீங்கள் பிரிந்திருந்ததிலும் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் நான் செய்ததல்ல. அதையும் எண்ணிப் பாருங்கள்.

அளவு தப்பு. பாடம் தப்பில்லை. உங்கள் கையில் ஒப்படைத்தபோது பட்டாணியின் ரத்தம் பதினொன்றேகால். பதினான்கு பேர் கோட்டுக்கு மேலே என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மீதி ஐந்து பேர் யார் என்று கேட்டீர்களா? அவர்களும் இப்போது வருவதில்லை. டீச்சருக்கு அளக்கவே தெரியாது, அவள் சொன்ன முட்டையும் கீரையும் மட்டும் சரியாக இருக்குமா என்று பேசிக்கொள்கிறார்கள். பாடப் படங்களைச் சுருட்டி அடுப்பு மூட்டினாளாம் ஒருத்தி. வேறொருத்தியை வைத்து வகுப்பு நடத்துகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள்.

சலவைக்காரியின் சின்னது, கைக்குழந்தை, எட்டு மாதம். அதைச் சுவரில் அளக்கவில்லை. தராசில் போட்டோம், தராசு சரியாகத்தான் இருக்கிறது. ஏப்ரலிலேயே எடை இறங்கத் தொடங்கியது. சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுக்கிறாள். கட்டியான சாப்பாடு ஆரம்பியுங்கள் என்று நான் பாதி வழிக்குக் கொண்டுவந்திருந்தேன். இப்போது என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள். முந்தாநாள் தெருக் குழாயடியில் பார்த்தேன். குழந்தை அழக்கூட இல்லை, அண்ணி. பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் தூக்கிப்போகச் சொன்னேன். "நீ அளந்தது போதும்" என்றாள்.

உங்களுக்குத்தான் அவள் கதவைத் திறப்பாள். போங்கள். இந்த வாரமே போங்கள். பாடக் குறிப்பு உங்களிடம் இருக்கிறது, என்னைச் சிக்கவைக்கக் கேட்டு வாங்கினீர்களே, அதேதான்.

போகவில்லை என்றால் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முப்பது வீட்டுக்கும் போவேன். சலவைக்காரி வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படிப்பேன். பழிவாங்குவது எப்படி என்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நாத்தனார்


ஜூன் 7

நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே போனேன். உன் மிரட்டலுக்காகப் போகவில்லை என்று எழுதத்தான் ஆசை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு முதல் ஒரு மணி நேரம் உன் மிரட்டலைப் பற்றித்தான் யோசித்தேன். அதற்குப் பிறகுதான் குழந்தை நினைவுக்கு வந்தது. இதையும் நீ எண்ணிக்கொள்.

பட்டாணியைத் தையல் கடைக்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். சலவைக்காரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, வாங்க. நீங்க மட்டும் அன்னைக்கு வரலன்னா நான் செத்தே போயிருப்பேன்." மாமியார் வெளியே போயிருந்தார். ஒரே அறை. கொடியில் துணி தொங்குவதற்குக் கீழே குழந்தை படுத்திருந்தது. நீ எழுதியது சரி. அது அழவில்லை. தூக்கினேன். நான் தினமும் கையில் எடுக்கிற துணி மூட்டை கூட அதைவிடக் கனம்.

நேரே டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் சொன்னதால் வந்தாள். நெஞ்சில் சளி ஏதுமில்லை, வயிற்றுப்போக்கும் இல்லை, பட்டினிதான் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை எடை பார்க்க வரச் சொன்னார். ஊட்டினால் தேறிவிடும், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்னிடம் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

திரும்பி வந்து அவள் அடுப்பிலேயே வைத்தேன். உன் குறிப்பைப் பிரித்துவைத்துக்கொண்டு செய்தேன். பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வேகவைத்து, மசித்து, கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். ஓடியது. இன்னும் கொஞ்சம் கிழங்கு போட்டேன், நின்றது. முதல் இரண்டு வாயைத் துப்பிவிட்டது. முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தாயே, என்ன பேசுவது என்று தெரியாமல் காஜா எடுப்பது எப்படி, காலர் வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாயை விழுங்கியது. பிறகு ஆறு வாய்.

பத்து நாள் தொடர்ந்து போனேன். பட்டாணியையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் குடிக்க டீ கொடுத்தால், "பிள்ளைங்களுக்கு இது கூடாது, அத்தை சொன்னாங்க" என்று நீட்டி முழக்குகிறாள். என் வீட்டிலும் இதே கச்சேரிதான். மூன்று வேளையும் உன் குரலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறது. நேற்றுக் குழந்தையைத் தராசில் போட்டார்கள். முந்நூற்று ஐம்பது கிராம் ஏறியிருந்தது. சலவைக்காரி என் கன்னத்தைத் தடவினாள். "ஒங்க கை ராசி அக்கா" என்றாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "என் கை இல்ல. எல்லாம் டீச்சரம்மா எழுதிக் குடுத்தது."

"அவளா? அவ பேச்ச எடுக்காதீங்க."

"டேப்பு தப்புன்னு எனக்கு மார்ச்சுலயே தெரியும்."

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்தாள். துணியை மடித்துவைத்தாள்.

"மார்ச்சுலயா?"

"மார்ச் ரெண்டாந்தேதி. எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

"என்னை வேலைய விடச் சொன்னது ஏப்ரல்ல."

"தெரியும்."

"நான் ராத்திரியும் பகலுமா அழுதேன். ஒங்களுக்குத் தெரியுமா அது?"

"டீச்சர் எழுதியிருந்தா. படிச்சேன்."

அதற்குப் பிறகு அவள் "வாங்க போங்க" சொல்லவில்லை. "எந்திரி" என்றாள். எழுந்தேன். "அவளாவது தெரியாம செஞ்சா" என்றாள். பட்டாணியின் செருப்பை வெளியே எடுத்துப் போட்டாள். எறியவில்லை, ஜோடியாகத்தான் வைத்தாள்.

ஆக, அந்த மார்ச் கடிதத்தை நீ இனி என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அதை வைத்து என்னை ஒன்றும் செய்ய முடியாது. அப்படி உன்னிடம் ஒரு ஆயுதம் இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பதும் நான் சொன்னதற்கு ஒரு காரணம். உன்னை நான் மன்னிக்கவில்லை. என் மகளைச் சுவரோடு நிறுத்திய அந்தக் காலையை நினைத்தால் இன்னும் என் பல் நறநறக்கிறது. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் விசாரணையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டேப்பைத் தவிர நீ சொல்லிக்கொடுத்தது எல்லாம் சரி என்று எழுதித் தரப்போகிறேன். அது உண்மை என்பதால்.

மீதி ஐந்து பேரின் வீடு எனக்குத் தெரியாது. எழுதி அனுப்பு. செய்தி பரவுவதற்குள் போனால்தான் கதவு திறப்பார்கள்.

நான் பட்டாணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து சலவைக்காரி கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"எண்ணெய எப்ப ஊத்தணும்? வேகும்போதா, எறக்கினப்புறமா?"

"எறக்கினப்புறம். ஒரு சின்னக் கரண்டி."

"ம்."

பிறகு கதவைச் சாத்தினாள்.

அண்ணி